சார்லட் ஸ்காட்டின் ஐந்து டாலர்

வாஷிங்டன் நகரில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி லிங்கன் பூங்கா இருக்கிறது. அதன் உள்ளே இரண்டு வெண்கல நினைவுச்சின்னங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ஒன்றில் ஆபிரகாம் லிங்கன் நிற்கிறார். அவர் நீட்டிய கைக்குக் கீழே, இடுப்பில் மட்டும் துணி சுற்றிய ஒரு கறுப்பின ஆண் அறுந்த விலங்குகளோடு ஒரு காலை மடித்து மண்டியிட்டிருக்கிறார். இன்னொன்றில் வயதான கறுப்பினப் பெண் ஒருவர் கைத்தடியோடு நிமிர்ந்து நிற்கிறார். எதிரே நிற்கும் இரண்டு குழந்தைகளிடம் ஒரு சுருளை நீட்டுகிறார். முதல் சின்னம் 1876இல் திறக்கப்பட்டது. இரண்டாவது 1974இல்.

முதல் சின்னத்துக்கு விதை போட்டதும் ஒரு கறுப்பினப் பெண்தான். ஆனால் அந்தச் சின்னத்தில் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். கறுப்பினப் பெண்களுக்குப் பொது இடங்களில் சிலைகள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி கடந்த சில ஆண்டுகளாக உரக்கக் கேட்கப்படுகிறது. எண்ணிக்கை முக்கியம்தான், மறுக்கவில்லை. அதைவிடக் கனமான கேள்வி ஒன்று இந்தப் பூங்காவில் இருக்கிறது: அந்தச் சிலை எப்படி நிற்க வேண்டும், என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்?

சார்லட் ஸ்காட் வர்ஜீனியாவில் அடிமையாக வாழ்ந்தவர். 1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தி வந்தபோது ஒஹாயோ மாநிலத்தின் மரியெட்டாவில் இருந்தார். விடுதலை பெற்ற பிறகு அவர் சம்பாதித்த முதல் பணம் ஐந்து டாலர். அதை எடுத்துக்கொண்டுபோய்த் தன் பழைய எசமானரிடம் கொடுத்து, லிங்கனுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும், இதை முதல் நிதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த ஐந்து டாலரின் கதை பரவியது. உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படையில் இருந்த கறுப்பினச் சிப்பாய்கள் தங்கள் சம்பளத்திலிருந்து அனுப்பினார்கள். விடுதலை பெற்ற மக்கள் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். 16,000 டாலருக்கு மேல் சேர்ந்தது.

நிதியைக் கையாண்டது செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர்கள் நடத்திய ஒரு போர்க்கால நிவாரண அமைப்பு. வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களே. இத்தாலியில் வாழ்ந்த அமெரிக்கச் சிற்பி தாமஸ் பால் ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு மாதிரி அவர்களுக்குப் பிடித்துப்போனது. அதில் மண்டியிட்ட உருவத்துக்கு அவர் தன் உடலையே மாதிரியாகக் கொண்டிருந்தார். பிறகு ஆர்ச்சர் அலெக்சாண்டர் என்ற விடுதலை பெற்ற மனிதரின் புகைப்படத்தை வாங்கி முகத்தை மாற்றினார். பணம் கொடுத்த மக்களிடம், உங்களை எப்படிக் காட்டட்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் மண்டியிடச் சம்மதித்திருப்பார்களா?

மண்டியிடும் அந்த உருவம் தாமஸ் பாலின் கற்பனை மட்டும் இல்லை. 1787இல் இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் பீங்கான் பட்டறை வெளியிட்ட அடிமை எதிர்ப்புப் பதக்கத்திலிருந்து அது தொடங்குகிறது. விலங்கிட்ட கைகளைக் கூப்பி, நான் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா என்று இறைஞ்சும் ஆண். சில பத்தாண்டுகள் கழித்து அதே படத்தின் பெண் வடிவம் வந்தது. அவளும் மண்டியிட்டுத்தான் கேட்டாள். இரக்கம் கொண்டவர்கள் உருவாக்கிய படம்தான் அது. என்றாலும் அந்த இரக்கம் வேலை செய்ய, கறுப்பு உடல் எப்போதும் கீழே இருக்க வேண்டியிருந்தது.

1876 ஏப்ரல் 14 அன்று திறப்பு விழாவில் உரையாற்றியவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவராக வளர்ந்தவர். விழா முடிந்த சில நாட்களில் அவர் ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதத்தை வரலாற்றாய்வாளர்கள் 2020இல் தேடி எடுத்தார்கள். சிலையில் இருப்பவர் எழுவதுபோல் இருந்தாலும் இன்னும் முட்டியில்தான் இருக்கிறார், அதுவும் ஆடையின்றி என்று டக்ளஸ் அதில் சொல்கிறார். நாலுகால் பிராணியைப்போல் படுத்திராமல், ஆண்மகனாகத் தன் காலில் நிமிர்ந்து நிற்கும் கறுப்பினத்தவரின் நினைவுச்சின்னத்தைச் சாவதற்குமுன் பார்க்க விரும்புகிறேன் என்கிறார். அதற்கு அடுத்துச் சொல்வதுதான் என்னை நிறுத்தியது: லிங்கன் பூங்காவில் இன்னொரு சின்னத்துக்கு இடம் இருக்கிறது.

டக்ளஸ் 1895இல் இறந்தார். அந்த இடம் நிரம்ப 98 ஆண்டுகள் ஆயின. அங்கே தன் காலில் நிமிர்ந்து நின்றது ஒரு பெண்.

அதற்குமுன் வாஷிங்டன் நகரம் கறுப்பினப் பெண்ணுக்கு வேறொரு சிலையை வைக்கப் பார்த்தது. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் நினைவைப் போற்றும் வெள்ளையினப் பெண்கள் அமைப்பு ஒன்று, தெற்கின் விசுவாசமான அடிமைச் செவிலியருக்கு வாஷிங்டனில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப விரும்பியது. அமெரிக்காவில் அந்தப் பெண்களை 'மேமி' என்று அழைப்பார்கள். எசமானர் வீட்டுக் குழந்தைக்குப் பாலூட்டி, குளிப்பாட்டி, தாலாட்டிய அடிமைப் பெண். தமிழில் செவிலித்தாய் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. சங்கப் பாடல்களில் அவள் குரலுக்குத் தனி இடம் உண்டு. மேமிக்கு அந்த மரியாதை கிடையாது. அவள் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தவள் அல்ல. அவள் பெற்ற குழந்தைகளை எசமானர் எந்த நாளும் விற்கலாம்.

1923 பிப்ரவரி இறுதியில் அமெரிக்க செனட் அந்தச் சின்னத்துக்கு அரசு நிலம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. அதே செனட்டில் சில வாரங்களுக்குமுன் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் டையர் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டுக்கு வந்திருந்தது. தென் மாநில உறுப்பினர்கள் 1922 டிசம்பரில் அவையை நடக்கவிடாமல் இழுத்தடித்தே அதைச் சாகடித்தார்கள். உயிரோடு இருக்கும் கறுப்பினத்தவரைக் காப்பாற்றும் சட்டத்துக்கு இடம் இல்லை. இறந்துபோன பணிப்பெண்ணுக்குச் சிலை வைக்க நிலம் உண்டு.

கறுப்பினப் பெண்கள் கொதித்து எழுந்தார்கள். ஹாலி பிரவுன் தலைமையிலிருந்த கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கம் எதிர்த்தது. ஏறத்தாழ 2,000 பெண்களின் சார்பில் மனு ஒன்று துணைக் குடியரசுத் தலைவரிடமும் பிரதிநிதிகள் சபைத் தலைவரிடமும் கொடுக்கப்பட்டது. வாஷிங்டனில் வாழ்ந்த ஆசிரியரும் போராளியுமான மேரி சர்ச் டெரல் நாளிதழில் எழுதினார். அந்த அடிமைப் பெண்ணுக்குத் தன் வீடு என்று ஒன்று இருந்ததா, தன் குழந்தைக்குத் தாயாக இருக்க அவளுக்கு உரிமை இருந்ததா என்று கேட்டார். அந்தச் சிலையை வைத்தால், ஒரு புயல் இரவில் இடி விழுந்து அது நொறுங்கட்டும் என்று நாடெங்கும் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் மனமுருகி வேண்டிக்கொள்வார்கள் என்றார். பிரதிநிதிகள் சபையில் மசோதா எடுக்கப்படாமலே காலாவதியானது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பொதுச் சின்னங்கள் விஷயத்தில் பெற்ற மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று என்று இதைத்தான் சொல்வேன். எழாமல்போன அந்தச் சிலைக்கு யாரும் பயணிகளை அழைத்துச் செல்வதில்லை.

வாஷிங்டனுக்கு ஆற்றின் மறுகரையில் அந்த மேமி ஏற்கெனவே வெண்கலத்தில் இருந்தாள் என்பது வேறு கதை. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் 1914இல் திறக்கப்பட்ட தென் மாநிலக் கூட்டமைப்பு நினைவுச்சின்னத்தின் புடைப்புச் சிற்பங்களில், போருக்குப் புறப்படும் வெள்ளை அதிகாரியின் குழந்தையை ஏந்தி நிற்கிறாள் ஓர் அடிமைப் பெண். அந்தச் சின்னம் 2023 டிசம்பரில் அகற்றப்பட்டது. மீண்டும் அங்கே வைக்கப்போவதாக 2025இல் அமெரிக்க அரசு அறிவித்தது.

இனி லிங்கன் பூங்காவின் கிழக்குப் பக்கம். மேரி மெக்லியாட் பெத்யூன் 1875இல் தென் கரோலினாவில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள். பதினேழு குழந்தைகளில் அவர் பதினைந்தாவது. 1904இல் ஃபுளோரிடாவின் டேட்டோனாவில் கையில் ஒன்றரை டாலரும் ஐந்து மாணவிகளுமாகப் பள்ளி தொடங்கினார். இன்று அது பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகம். 1935இல் நீக்ரோ பெண்களின் தேசிய மன்றத்தை உருவாக்கினார். குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில், இளைஞர் நிர்வாகத் துறையில் கறுப்பின மக்களுக்கான பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1955இல் இறந்தார்.

அவர் நிறுவிய மன்றமே அவருக்குச் சிலை வைக்க முனைந்தது. 1960இல் நாடாளுமன்றம் அனுமதி தந்தது. அடிமை ஒழிப்புப் பிரகடனத்தின் நூற்றாண்டான 1963இல் திறந்துவிடலாம் என்று நினைத்தார்கள். பணம் சேரவில்லை. குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. சிறையில் இருப்பவர்களை ஜாமீனில் எடுக்கவும், தெற்கில் வாக்காளர்களைப் பதிவு செய்யவும் ஒவ்வொரு டாலரும் தேவைப்பட்ட காலம். மன்றத் தலைவி டோரதி ஹைட் விடவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1974 ஜூலை 10 அன்று, பெத்யூனின் பிறந்தநாளில் சிலை திறக்கப்பட்டது. வாஷிங்டனின் பொது நிலத்தில் ஒரு கறுப்பினத்தவரைப் போற்றி எழுந்த முதல் நினைவுச்சின்னம் அது. அந்த நகரின் பொது இடத்தில் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு வைத்த முதல் உருவச்சிலையும் அதுவே.

சிற்பி ராபர்ட் பெர்க்ஸ் ஒரு வெள்ளையர். அது இங்கே இடறவில்லை, ஏனென்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னவர்கள் கறுப்பினப் பெண்கள். சிலையில் பெத்யூன் யாரையும் கெஞ்சவில்லை, யாருக்கும் பணி செய்யவில்லை. கொடுக்கிறார். கையில் இருக்கும் தடி ரூஸ்வெல்ட்டுடையது. நீட்டும் சுருள் அவருடைய உயில். அன்பையும் நம்பிக்கையையும் கல்வித் தாகத்தையும் உங்களுக்கு விட்டுச்செல்கிறேன் என்று தன் மக்களுக்கு அவர் எழுதிவைத்த சொற்கள் பீடத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர் வருகைக்காக லிங்கனையே திருப்பினார்கள். மேற்கே நாடாளுமன்றத்தைப் பார்த்து நின்ற 1876ஆம் ஆண்டுச் சின்னம், பெத்யூனுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று கிழக்கு நோக்கித் திருப்பி வைக்கப்பட்டது.

பெத்யூனுக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்க எண்கள் இடம் தரவில்லை. 'மான்யுமென்ட் லேப்' என்ற அமைப்பு 2021இல் அமெரிக்காவின் ஏறத்தாழ ஐம்பதாயிரம் சின்னங்களின் பதிவுகளை ஆராய்ந்தது. அதிகம் சிலைகள் கொண்ட ஐம்பது பேரில் பெண்கள் மூவர். பிரான்சின் ஜோன் ஆஃப் ஆர்க், பூர்வகுடிப் பெண் சகாகவியா, கறுப்பினப் பெண்களில், அடிமைகளை விடுதலைக்கு அழைத்து வந்த ஹேரியட் டப்மன் ஒருவர் மட்டும். அந்த ஐம்பது பேரில் பாதிப் பேர் மற்ற மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள். கடல் கன்னிகளுக்கு இருபத்திரண்டு சிலைகள் கிடைத்தன. நாடாளுமன்றத்தில் இருந்த பெண்களுக்கு இரண்டு.

இந்தக் கணக்கில் ஏறாத ஒரு வகைப் பெண்களும் உண்டு: வேறொருவரின் சிலைக்கு அடியில் மறைந்திருப்பவர்கள். மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் 1840களில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில், பிரசவத்தில் சிறுநீர்ப்பையில் ஏற்படும் துளையைச் சரிசெய்யும் அறுவை முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பயன்படுத்திய உடல்கள் அடிமைப் பெண்களுடையவை. மயக்க மருந்து கொடுக்கவில்லை. அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்களை மட்டும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அனார்க்காவுக்கு முப்பது முறை அறுவை செய்திருக்கிறார். சிம்ஸுக்கு 1894இல் நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். அது 1934இல் சென்ட்ரல் பூங்காவின் ஓரத்துக்கு மாற்றப்பட்டது. கறுப்பினரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் வாழும் கிழக்கு ஹார்லெம் மக்கள் அதைக் கடந்துதான் நடந்தார்கள். 2017இல் கறுப்பின இளம்பெண்கள், அடிவயிற்றில் சிவப்புச் சாயம் ஊற்றிய மருத்துவமனை அங்கி அணிந்து அந்தச் சிலையின்முன் நின்றார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சிலை இறக்கப்பட்டது.

மான்ட்கோமரியிலோ, அலபாமா சட்டமன்ற வளாகத்தில் இருந்த சிம்ஸ் சிலையை அசைக்க முடியவில்லை. எனவே மிஷெல் பிரவுடர் என்ற கறுப்பினக் கலைஞர் வேறு வழியைத் தேடினார். 2021இல் அதே நகரத்தில், கழித்துப் போட்ட உலோகப் பொருட்களைப் பற்றவைத்து அனார்க்கா, பெட்சி, லூசி மூவரையும் எழுப்பினார். அனார்க்கா ஏறத்தாழ பதினைந்து அடி உயரம். அவர் வயிறு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. கருப்பை தனியே, கூரான பொருட்கள் நிறைந்து கிடக்கிறது. அந்த மூவரின் படம் எதுவும் நம்மிடம் இல்லை. முகம் தெரியாதவர்களுக்கு எப்படிச் சிலை செய்வது என்ற கேள்விக்கு, எறியப்பட்ட இரும்பிலிருந்து அவர் விடை எடுத்திருக்கிறார். படத்தில் பார்க்கும்போதே நெஞ்சு கனக்கிறது. மகப்பேறு மருத்துவத்தின் அன்னையர் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

இடம் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு அதே சென்ட்ரல் பூங்காவில் இன்னொரு சாட்சி இருக்கிறது. அங்கே கற்பனைப் பாத்திரங்கள் இல்லாத, உண்மையாக வாழ்ந்த பெண்களின் சிலை 2020 ஆகஸ்ட் வரை ஒன்றுகூட இருந்ததில்லை. பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் ஆன்டனி, எலிசபெத் கேடி ஸ்டான்டன் இருவரை மட்டும் வைத்து முதல் வடிவம் அறிவிக்கப்பட்டது. கறுப்பினப் பெண்கள் எங்கே என்ற கேள்வி எழுந்தபிறகே, அடிமையாகப் பிறந்து போராளியான சோஜர்னர் ட்ரூத் சேர்க்கப்பட்டார். மூவரும் ஒரே மேசையைச் சுற்றி வேலை செய்வதுபோல் இப்போது இருக்கிறது. ட்ரூத் ஸ்டான்டன் வீட்டில் ஒருமுறை தங்கியது உண்மை. கறுப்பின ஆண்களுக்கு முதலில் வாக்குரிமை கிடைத்தபோது ஸ்டான்டன் அவர்களை இழிவாகப் பேசியதும் உண்மை. அந்தப் பிளவை மேசை மூடிவிடுகிறது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கடைசியில் நாற்காலி போடப்பட்டவர் என்பது அந்தச் சிலையைப் பார்த்தால் தெரிவதே இல்லை.

யார் முடிவு செய்கிறார்கள் என்பதோடு, சிலை எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்பவர்கள் வைக்கும் எதிர்பார்ப்பும் குறுக்கே வரும். ஹார்லெமில் 2008இல் திறந்த ஹேரியட் டப்மன் சிலையைக் கறுப்பினச் சிற்பி அலிசன் சார் செய்தார். டப்மன் தெற்கு நோக்கி நடக்கிறார். அடிமைகளை வடக்கே விடுதலைக்கு அழைத்து வந்தவரை இப்படித் தெற்கே அனுப்பலாமா என்று அக்கம்பக்கத்தார் சிலர் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். சார் மாற்றவில்லை. தப்பித்து வந்தவர் மற்றவர்களுக்காகத் திரும்பத் திரும்பத் தெற்கே போனார், ஏறக்குறைய பதின்மூன்று முறை. அந்தத் துணிச்சலைத்தான் அவர் காட்ட நினைத்தார். டப்மனின் பாவாடைக்குப் பின்னால் பிடுங்கிய வேர்கள் தொங்குகின்றன. பாவாடை முழுக்க அவர் அழைத்து வந்தவர்களின் முகங்கள். கும்பல் கொலைகளை அம்பலப்படுத்திய இதழாளர் ஐடா வெல்ஸுக்கு 2021இல் சிகாகோவில் எழுந்த சின்னத்தில் சிற்பி ரிச்சர்ட் ஹன்ட் முகமே வைக்கவில்லை. முறுகி மேலெழும் வெண்கலச் சுடர் போன்ற வடிவம் அது. வெல்ஸின் கொள்ளுப்பேத்தி உட்படப் பலர் பத்தாண்டுக்கு மேலாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து எழுப்பியது.

அட்லான்டிக்கின் மறுபக்கத்திலும் இந்தக் கணக்கு நேராகவில்லை. இன்று அமெரிக்காவிடம் இருக்கும் செயின்ட் குரோய் தீவு 1917 வரை டென்மார்க்கின் காலனி. இரண்டரைக் கோடி டாலருக்குச் சகோதரத் தீவுகளோடு விற்கப்பட்டது. 1878இல் அங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளர் கிளர்ச்சியை நடத்தியவர்களில் ஒருவர் மேரி தாமஸ். மக்கள் அவரை ராணி மேரி என்றார்கள். 2018இல் கோபன்ஹேகன் துறைமுகத்தில், காலனிச் சர்க்கரை வைத்திருந்த பழைய கிடங்கின் முன்னே, ஏழு மீட்டர் உயர ராணி மேரி தீப்பந்தமும் கரும்பு வெட்டும் கத்தியும் ஏந்திச் சிம்மாசனத்தில் அமர்ந்தார். செய்தவர்கள் லா வான் பெல், ஜேனட் ஏலர்ஸ் என்ற இரு கறுப்பினப் பெண்கள். தங்கள் உடல்களையே அளந்து ஒன்றாக்கி அந்த உருவத்தை அமைத்தார்கள். வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லாததால் பூச்சிட்ட தெர்மோகோலில் செய்தார்கள். 2020 டிசம்பர் புயலில் அது சேதமடைந்தது.

வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகள் வைக்கலாம் என்பது 1864ஆம் ஆண்டுச் சட்டம். மொத்தம் நூறு. அந்த நூறில் ஒரு மாநிலம் தன் சார்பில் கறுப்பினத்தவர் ஒருவரை முதன்முதலாக அனுப்ப 2022 ஜூலை வரை ஆனது. தென் மாநிலப் படைத் தளபதி ஒருவரை இறக்கிவிட்டு ஃபுளோரிடா அனுப்பியது பெத்யூனை. வெள்ளைப் பளிங்கில், கையில் கறுப்பு ரோஜாவோடு நிற்கிறார். 2024இல் ஆர்கன்சா, வெள்ளையர் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க லிட்டில் ராக் நகரில் நடந்த போராட்டத்தை வழிநடத்திய டெய்சி பேட்ஸை அனுப்பியது.

லிங்கன் பூங்காவில் மண்டியிட்ட மனிதர் இன்னும் இருக்கிறார். பாஸ்டனில் இருந்த அதன் நகல் 2020 டிசம்பரில் எடுக்கப்பட்டது. வாஷிங்டனிலும் அகற்ற வேண்டும் என்று அதே ஆண்டு பலர் திரண்டார்கள். எங்கள் முன்னோர் கொடுத்த பணத்தில் எழுந்தது, அப்படியே இருக்கட்டும் என்று சொன்ன கறுப்பின மூத்தவர்களும் அங்கே இருந்தார்கள். அகற்றத் திரண்டவர்களுடைய கோபமும் காக்க வந்தவர்களுடைய பிடிவாதமும் எனக்குப் புரிகின்றன. பீடத்தில் பதித்த வெண்கலத் தகடு ஒன்று, முதல் ஐந்து டாலரைக் கொடுத்தவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த விடுதலை பெற்ற பெண் சார்லட் ஸ்காட் என்றும், அது விடுதலைக்குப்பின் அவருடைய முதல் சம்பாத்தியம் என்றும் சொல்கிறது. லிங்கனையும் மண்டியிட்டவரையும் தெருவிலிருந்தே பார்க்கலாம். அந்த வரிகளைப் படிக்கப் பீடத்தருகே போய் நிற்க வேண்டும்.